எங்கள் வீட்டில் ஒரு மேனேஜர்

1

ஒரு ரொட்டி வெட்டும் இயந்திரத்திலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

மெல்பர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. என் மகன் கவின் பள்ளிக்கூடம் போக மிச்ச நேரத்தில், சனிக்கிழமைகளில், அங்கே வேலை பார்க்கிறான். இங்கே பிள்ளைகள் அப்படித்தான். வசதியான வீட்டுப் பிள்ளையும் எங்கேயாவது தட்டு கழுவும். ஆரம்பத்தில் எனக்கு மனசு கேட்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். ஷூவைக் கழற்றிக்கொண்டே, வெயில் அதிகம் என்பது போல, சாதாரணமாகச் சொன்னான்.

"அம்மா, இன்னிக்கு ஓனர் என்னை பிரெட் ஸ்லைசர் போடச் சொன்னார். நான் நோ சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

"எனக்கு ட்ரெயினிங் கொடுக்கல. ட்ரெயினிங் இல்லாம அதைத் தொடக்கூடாது. அதான் ரூல்."

"அவர் என்ன சொன்னார்?"

"சாரி சொன்னார். அடுத்த வாரம் சொல்லித் தரேன்னார். சாப்பாடு என்ன?"

மீசை சரியாக முளைக்காத பையன் முதலாளியிடம் முடியாது என்கிறான். முதலாளி அவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். இரண்டு பேருமே அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஓர் எரிச்சலும் வந்தது, அதையும் மறைப்பானேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத ஒன்று இவனுக்குப் பையில் கிடக்கும் பஸ் கார்டு மாதிரி கிடைத்திருக்கிறது. அதன் அருமை தெரியாமல் சாம்பார் கேட்கிறான்.

அதே வாரத்தில்தான் ஊரிலிருந்து என் தம்பி தேவாவின் போன் வந்தது.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் கரையான்சாவடி. நைனா சின்ன வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நிலமெல்லாம் மனையானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பாலிடெக்னிக் படித்தேன். கல்யாணம் ஆகி இங்கே வந்தபோது அந்த டிப்ளமாவைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த அளவுக்குச் சமம் என்று வேறொரு துறை தீர்மானிக்கும் என்றார். அந்த வேறொரு துறை, இது ஒன்றுக்கும் சமமில்லை என்று ரொம்ப மரியாதையாகக் கடிதம் எழுதியது.

அதனால் ஒரு பழம் பேக்கிங் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே தொழிலாளர்களே தங்களில் ஒருவரைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆபத்து என்று தோன்றினால் அந்த ஆள் வேலையை நிறுத்தச் சொல்லலாம். சட்டம் அப்படி. வாய் நீளம் என்ற ஒரே தகுதியில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, இப்போது ஒரு தொழிற்கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வேலையிடத்தில் சட்டம், நேர்மை, தலைமைப் பொறுப்பு, இவைதான் என் பாடம். 'பொறுப்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்' என்பது முதல் வகுப்பிலேயே நான் பலகையில் எழுதும் வாக்கியம்.

தம்பி தேவா, அதாவது தேவராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தவன். தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி, கார் கதவுக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்யும் இடம். ஆபரேட்டர் ஆனான், சூப்பர்வைசர் ஆனான். ஒரு நாள் முதலாளி அவனைத் தன் ஏசி அறைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, "இனிமே நீதாம்பா ஃபேக்டரி மேனேஜர்" என்றார்.

விஷயம் இதுதான். தொழிற்சாலை உரிமத்தில் முதலாளியின் பெயரோடு மேலாளர் என்று ஒருவர் பெயரும் இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் சட்டம் அந்த இரண்டு பேரையும் தேடி வரும். பழைய மேலாளர் வயதாகி வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. தேவாவின் பெயரைப் போட்டார்கள். அவன் வேலை மாறவில்லை. ஓர் ஆளை எடுக்கவோ, ஒரு மெஷினை நிறுத்தவோ அவனை யாரும் கேட்கப் போவதில்லை. மேசை கூடக் கொடுக்கவில்லை.

ஆனால் எங்கள் ஏரியா சும்மா இருக்குமா? பசங்க கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கூலிங் கிளாஸ் போட்ட தேவா, பின்னால் எங்கிருந்தோ பிடித்து ஒட்டிய வெளிநாட்டுத் தொழிற்சாலை, 'மேலாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் பாசமிகு அண்ணனே' என்று கொட்டை எழுத்து. வீட்டில் பிரியாணி. நைனா அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று எடுத்துக்கொண்ட போட்டோ எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அதை நான் இங்கே பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். "நம்ம ஊட்ல ஒரு மேனேஜரும்மா" என்று நைனா போனில் அழுதார்.

ஒரு வேலையின் பெயரை இப்படிக் கொண்டாட எங்களால்தான் முடியும். அது பட்டம் என்று நினைத்தோம். கழுத்தை நீட்டுகிறோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

3

தேவா போனில் சொன்னதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு ஷெட்டையே கழுவிவிட்டு, எல்லா மெஷினுக்கும் மாலை போட்டு, சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, குங்குமம் இட்டிருக்கிறார்கள். பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். வருடா வருடம் நடப்பதுதான். அந்த ஒரு நாள்தான் முதலாளியும் ஹெல்பரும் ஒரே ஜமக்காளத்தில் உட்காருவார்கள்.

பெரிய பிரஸ் ஒன்றுக்கு அந்த வருடம் புதிதாகக் கண் வைத்திருந்தார்கள். கண் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் பேர். மெஷினின் வாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கும் சென்சார். கை உள்ளே போனால் உடனே மெஷின் நின்றுவிடும். பொட்டு வைத்த பெண்கள் ஆசை ஆசையாக அந்தச் சென்சாரின் கண்ணாடி மேலேயும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார்கள். மெஷினின் முகம் மாதிரி இருந்ததாம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதல் ஓட்டம் ஓட்ட வேண்டும். மெஷின் அசையவே இல்லை. கண்ணை மறைத்தால் அது எப்படி ஓடும்? தேவாவுக்குப் புரிந்துவிட்டது. பழந்துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போயிருக்கிறான். அந்த மெஷினில் வேலை செய்யும் பூங்கொடி, மாங்காட்டிலிருந்து வரும் பெண், ஓடிவந்து தடுத்திருக்கிறாள்.

"அய்யோ சார், பொட்ட அழிக்காத சார். தானா உதுரட்டும். நேத்து வெச்ச பொட்ட இன்னிக்கு அழிச்சா நல்லாவா இருக்கும்?"

மற்ற பெண்களும் ஆமா ஆமா என்றார்கள். தேவாவுக்கும் கை வரவில்லை. வேப்பிலை கட்டின வண்டியைக் கூட தாண்டாத ஆள் அவன். முதலாளிக்குப் போன் போட்டான்.

"மொத ஓட்டம் நிக்கக் கூடாதுப்பா. சாவி உன்கிட்டதானே இருக்கு? நீதானே மேனேஜர், உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

கண் இல்லாமலும் மெஷினை ஓட்ட ஒரு சாவி உண்டு. ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் திருப்ப வேண்டிய சாவி. அது மேனேஜரிடம் இருக்க வேண்டும் என்பது விதி. தேவா திருப்பினான். மெஷின் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு தகடு கோணலாக விழ, பூங்கொடி பழக்கத்தில் அதை நேராக்கக் கையை நீட்டினாள்.

இதற்கு மேல் தேவா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

4

முதலாளி கெட்டவர் இல்லை. நான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்திருந்தால் எல்லாமே சுலபமாக இருந்திருக்கும். பூங்கொடியைத் தன் காரிலேயே காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். காரெல்லாம் ரத்தம். செலவு முழுவதும் அவருடையது. பூங்கொடியின் கணவனுக்கு வாட்ச்மேன் வேலை தருகிறேன் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் கண் கலங்கியதை தேவாவே பார்த்திருக்கிறான்.

ஆனால் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே போனால் விபத்து பதிவாகும், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், கார் கம்பெனிக்காரன் ஆர்டரை நிறுத்துவான். அதனால் அட்மிஷன் போடும்போது, வீட்டு இரும்பு கேட்டில் கை நசுங்கியது என்று எழுதச் சொல்லிவிட்டார்கள். மாங்காட்டில் பூங்கொடி இருக்கும் வீட்டுக்கு கேட்டே கிடையாது.

மாதங்கள் போயின. பூங்கொடியின் விரல்கள் போனது போனதுதான். வலியில் படுத்துக் கிடந்தவள் தெளிந்ததும், யாரோ அவள் கணவனிடம் சொல்லியிருக்கிறார்கள்: வேலையில் அடிபட்டால் இ.எஸ்.ஐ.யிலிருந்து ஆயுசுக்கும் மாசா மாசம் உதவி வரும் என்று. அவன் போய் மனு கொடுத்தான். அங்கிருந்து கம்பெனியைக் கேட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் அன்று விபத்து எதுவும் நடக்கவில்லை என்று கம்பெனி பதில் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதால், மேலாளரை நேரில் விசாரிக்க அதிகாரி வரப்போகிறார்.

"நடக்கலன்னு சொல்லிடுன்றாரு சாரு," என்றான் தேவா. "நான் அத்த சொன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வராது. நடந்திச்சின்னு சொன்னேன்னு வெய்யி, சாவிய யாரு திருப்பினதுன்னு அடுத்த கேள்வி வரும். கேஸ் என் மேலதான். லைசென்ஸ்ல என் பேரு கீது. இன்னாக்கா பண்ணட்டும்?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாடம் எடுத்தேன். ஒருவர் கடமை எது, சட்டம் அதை எப்படிப் பார்க்கும், முதலாளியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று நான் பேசப் பேச, தம்பியின் பக்கத்திலிருந்து ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"க்கா, கிளாஸ் எடுக்காத. நான் உன் ஸ்டூடன்ட் இல்ல. நீ என் அக்காவா சொல்லு."

அக்காவாக என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். "உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குடா. யோசிச்சிப் பண்ணு."

"அத்ததான் எல்லாரும் சொல்றாங்கோ," என்று அவன் வைத்துவிட்டான்.

5

என் வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகள் குறைவு. பகலில் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். நகம் அலங்கரிக்கும் கடையில் வேலை பார்க்கும் வியட்நாம்காரப் பெண் ஒருத்தி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கிரேக்கத் தாத்தா ஒருவர். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையன் ஒருவன். எல்லோரும் களைத்துப்போய் வருவார்கள். ஆனால் வேலையிடத்துக் கதை என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்தக் கதையைப் பெயர்கள் இல்லாமல் வகுப்பில் வைத்தேன். ஒரு நாட்டில், ஒரு தொழிற்சாலையில், ஒரு திருநாளில் என்று. சந்தனப் பொட்டை விளக்கத்தான் திண்டாடிவிட்டேன். இயந்திரத்துக்கு வண்ணம் பூசினார்களா என்று ஒருவர் கேட்டார். இல்லை, கும்பிட்டார்கள் என்றேன். கும்பிடும் இயந்திரத்தின் பாதுகாப்பை அவர்களே ஏன் அணைத்தார்கள் என்று அடுத்த கேள்வி. கும்பிட்டதால்தான் அணைத்தார்கள் என்றேன். எனக்கே அது கேட்க விசித்திரமாக இருந்தது. என் ஊரை விட்டுக்கொடுக்கிற மாதிரி ஒரு கூச்சமும் இருந்தது.

பிறகு சூடு பிடித்தது. முதலாளியைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று வியட்நாம்காரப் பெண் சொன்னாள். மேலாளர் மெஷினை நிறுத்தியிருக்க வேண்டும் என்று பஞ்சாபிப் பையன் சொன்னான். நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்ததா என்று கிரேக்கத் தாத்தா கேட்டார். காகிதத்தில் இருந்தது என்றேன். தாத்தா சிரித்தார். தன் ஊரிலும் அந்த மாதிரிக் காகிதம் நிறைய உண்டு என்றார். தம்பியைத் தம்பி என்று சொல்லாமலேயே அவனுக்காக நான் வாதாடிக்கொண்டிருந்தேன். அவன் மேல் குற்றம் குறைவு என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டபோது உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது.

வகுப்பு முடியும் நேரத்தில் பஞ்சாபிப் பையன், பையை மாட்டிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டான்.

"அந்தப் பெண்ணுக்கு எந்தக் கை?"

எனக்குத் தெரியவில்லை. தேவாவோடு இத்தனை தடவை பேசியிருக்கிறேன். கேஸ் வருமா, வேலை போகுமா, நைனாவிடம் சொல்வதா வேண்டாமா என்று எல்லாவற்றையும் பேசினோம். எந்தக் கை என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை விரல் என்று கூட எனக்குத் தெரியாது. பூங்கொடி எனக்கு என் தம்பியின் பிரச்சினையாக மட்டும்தான் இருந்திருக்கிறாள்.

வலது கையாக இருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

6

வீட்டுக்கு வந்ததும் தேவாவுக்குப் போன் செய்தேன். அங்கே சாயங்கால டீ நேரம்.

"அந்தப் பொண்ணுக்கு எந்தக் கைடா?"

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தேவா?"

"சோத்துக் கைதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? நீ போய்ப் பாக்கலியா?"

"எப்டிக்கா போவேன்? எந்த மூஞ்ச வெச்சிகினு போறது? ஆஸ்பத்திரில வராந்தாவோட வந்துட்டேன். அப்பால சாரு, நீ அங்க போவாத, பேச்சு வளரும்னாரு."

நான் போனை வைத்தேன். சமையலறையில் கவின் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"மாமா பாவம்தான்," என்றான். "பட், அவர் நோ சொல்லியிருக்கலாமே?"

அடித்துவிடலாம் போல இருந்தது. உனக்கு என்னடா தெரியும், உன் முதலாளி சாரி சொல்வார், இல்லையென்றால் இன்னொரு பேக்கரி, அதுவும் இல்லையென்றால் அரசாங்கம் சோறு போடும். மாமா நோ சொன்னால் அடுத்த மாசம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது என்று கத்தினேன். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் கத்தியதில் பாதித் தமிழ் அவனுக்குப் புரியவில்லை. கோபம் மட்டும் புரிந்தது. அவன் கேட்ட கேள்வியில் தப்பில்லை. அதைக் கேட்க முடிகிற இடத்தில் அவன் வளர்ந்துவிட்டான். நாங்கள் வளர்ந்த இடத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. பிள்ளைகள் நம்மை விட்டு விலகுகிறார்கள் என்று இங்கே எல்லோரும் மொழியையும் சாப்பாட்டையும் சொல்லிப் புலம்புகிறோம். எனக்கு அன்று அந்தத் தூரம் இன்னொரு இடத்தில் தெரிந்தது. அதற்காக நான் அழ வேண்டுமா சந்தோஷப்பட வேண்டுமா என்றுதான் தெரியவில்லை.

தேவா மறுநாளே மாங்காட்டுக்குப் போயிருக்கிறான். எனக்குச் சொல்லாமல் போனான். பூங்கொடி வீட்டில் இல்லை. தண்ணி பிடிக்கப் போயிருந்தாள். தெருமுனையில் குழாயடியில் அவளைப் பார்த்தானாம். வலது கையில்தான் விரல்கள் இல்லை. குடத்தை இடது கையால் தூக்கி, வலது முழங்கையால் அணைத்துக்கொண்டு வந்தாளாம். இவன் ஒரு கடை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிவிட்டான்.

அதிகாரி வந்த அன்று முதலாளியும் அந்த அறையில் இருந்தார். டீ, பிஸ்கட், முந்திரி எல்லாம் வைத்திருந்தார்கள். அதிகாரி தேவாவிடம், அந்த நாளில் உங்கள் ஷெட்டில் விபத்து ஏதாவது நடந்ததா என்று கேட்டார்.

"நடந்திச்சி சார்," என்றான் தேவா. "ஷெட்ல, பிரஸ்லதான் நடந்திச்சி. கண்ண ஆஃப் பண்ண சாவிய திருப்பினது நான்தான்."

முதலாளி சொன்னதால்தான் திருப்பினேன் என்று அவன் சொல்லவில்லை. அது எனக்கு ஆற மாட்டாமல், ஏன்டா அதையும் சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டேன்.

"அவரு திருப்புன்னு சொல்லலக்கா. உனக்குத் தெரியாததான்னுதான் கேட்டாரு," என்றான்.

7

முதலாளி திட்டவில்லை. "நல்லா இருப்பா" என்று மட்டும் சொன்னாராம். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று வேறு ஆள் மூலமாகச் செய்தி வந்தது. கேஸ் இரண்டு பேர் மேலும் போட்டார்கள். முதலாளிக்குப் பெரிய வக்கீல். மேலாளர் தன் இஷ்டத்துக்குச் செய்துவிட்டார் என்பதுதான் அந்தப் பக்கத்து வாதம். கேஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்டேட்டில் வேறு எங்கும் தேவாவுக்கு வேலை கிடைக்கவில்லை. உள்ளே நடந்ததை வெளியே சொல்கிறவன் என்று பேர் வந்துவிட்டது. இப்போது பூந்தமல்லி தாண்டி ஒரு குடோனுக்கு லோடு வண்டி ஓட்டுகிறான். ஃப்ளெக்ஸ் வைத்த பசங்க எதிரில் வந்தால் செல்போனைப் பார்க்கிறார்களாம். நைனா மட்டும் யாராவது கேட்டால் இன்னும், "பையன் மேனேஜரா இருந்தான், உடம்புக்கு முடியல, உட்டுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பூங்கொடிக்கு இ.எஸ்.ஐ.யில் மெடிக்கல் போர்டு பார்த்து, மாதா மாதம் உதவி வரத் தொடங்கிவிட்டது. அதைத் தேவாவுக்கு அவள் கணவன்தான் போனில் சொல்லியிருக்கிறான்.

இங்கே கோடை விடுமுறை விட்டதும் நான் ஊருக்குப் போனேன். கவின் வரவில்லை, பேக்கரியில் லீவு இல்லை என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேவாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மாங்காட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டோம். அவளைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் என் தம்பிக்கு நன்றி சொல்வாள், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவன் இழந்ததற்கு யாராவது ஒருவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

அவள் கணவன் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான். தேவாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாத்தே, நீ மட்டும் சொல்லலன்னா நாங்க இன்னா ஆயிருப்போம்" என்றான். எனக்குக் கண் கலங்கியது. பூங்கொடி இடது கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ரொம்பச் சின்னப் பெண். நான் நினைத்திருந்ததை விடச் சின்னவள்.

"நல்லா கீறியாம்மா?" என்றான் தேவா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கீறேன் சார்." டீ கிளாஸை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள். "உண்மைய சொன்ன. உன் வேல போச்சி. அது எனக்குத் தெரியும் சார். உன் புள்ளைங்க நல்லாருக்கட்டும். ஆனா ஒண்ணு."

"ஏய், சும்மா இரு," என்றான் கணவன்.

"நீ இரு. அன்னிக்கு அழிக்காதன்னு நான்தான் சொன்னேன், இல்லன்னு சொல்லல. நான் கூலிக்கு வந்தவ, ஆயிரம் சொல்லுவேன். நீதான மேனேஜரு? நீ ஏன் சார் கேட்ட?"

தேவா நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "கேட்டிருக்கக் கூடாது," என்றான். "தப்பும்மா."

அவள் தலையை ஆட்டினாள். டீயைக் குடிக்கச் சொன்னாள். குடித்துவிட்டு வந்தோம்.

திரும்பும் வழியில் குமணன்சாவடி நெரிசலில் வண்டி நகரவே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்தப் பெண் பேசியது அநியாயம் என்று ஆரம்பித்தேன். உனக்கு என்ன அதிகாரம் இருந்தது, ஒரு மேசை கூடக் கொடுக்காதவன் உன்னை மேனேஜர் என்று எழுதிக்கொண்டான், அவளுக்கு நல்லது செய்யப் போன உன்னையே கேள்வி கேட்கிறாள் என்று அவன் முதுகுக்குப் பின்னால் அடுக்கிக்கொண்டே போனேன். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துக்கொண்டு திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் கழித்து அதில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன்.

"உடுக்கா," என்றான். "பொன்னாட போத்தினாங்கோ, ஃப்ளெக்ஸ் வெச்சாங்கோ. ஆனா மெய்யாலுமே நான் மேனேஜருன்னு நென்ச்சி என்னைக் கேள்வி கேட்டது அவ ஒருத்திதான்."